தராசு முள்ளைப் பார்த்துப் பழகியவர்கள்

அன்புள்ள தேவா,

உன் கடிதம் வந்து ஆறு கிழமையாகிறது. கோத்தகிரியில் உன் மகள் கட்டிய வீட்டின் படத்தை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். 1982இல் நீங்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் ரயிலில், அந்த ஒப்பாரிக் கோச்சியில் ஏறியபோது உன் அம்மா ஒரு தகரப் பெட்டியையும் அம்மிக் குழவியையும் தவிர வேறெதையும் எடுத்துப்போகவில்லை. அவர் இருந்து அந்தத் திண்ணையில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தேயிலைக் கொழுந்து நன்றாகத் துளிர்த்திருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. இளம்பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். என் முழங்கால் வலி அப்படியேதான். சரி, இதெல்லாம் இருக்கட்டும். உனக்கு எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வேறு. நீயும் நம்ம கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன், உன்னிடம் மறைக்க மனமில்லை.

நம்ம போதகர் மேல் ஒரு புகார் வந்திருக்கிறது. கொடுத்தவள் ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் 22 வயதுப் பெண். ஒரு நாள் மாலை அவளுடைய அம்மா வேலை முடிந்து, கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே என் வீட்டுக்கு வந்தார். மகளின் போனை என் கையில் தந்து, "வாசிச்சுப் பாருங்க மாஸ்டர்" என்றார். இரவு பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் அனுப்பிய செய்திகள். ஒரு போதகர் தன் சபைப் பிள்ளைக்கு எழுதக்கூடிய வார்த்தைகள் அல்ல. கோயிலுக்குப் பின்னால் உள்ள அறைக்கு அவளை வரச் சொல்லிக் கதவைச் சாத்தியதையும் அந்தத் தாய் சொன்னார். அதற்கு மேல் கடிதத்தில் எழுத வேண்டாம்.

நான் எப்படித் தவித்தேன் என்று உனக்குப் புரியும். என் மனைவி கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது ஒரு வாரமும் தவறாமல் வந்து கையைப் பிடித்து ஜெபித்தவர் இவர். மண்சரிவில் லயத்து வரிசை வீடுகள் இடிந்த குடும்பங்களைக் கோயிலுக்குள் படுக்க வைத்துத் தானே தேங்காய் துருவிச் சமைத்தவர். அதெல்லாம் உண்மை. இந்தப் போனில் இருந்ததும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல இரவுகள் பிடித்தன.

கமிட்டியைக் கூட்டினேன். நான்தானே செயலாளர். அன்றைக்குக் கேட்ட பேச்சுகளை நீ ஊகித்திருப்பாய். பிசாசின் வேலை என்றார் ஒருவர். இடமாற்றம் கேட்டு எழுதினால் சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்றார் இன்னொருவர். அந்தத் தாயிடம் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட யோசனை வந்தது. ஒரு பெரியவர் மட்டும் நான் மதிக்கக்கூடிய ஒரு பயத்தைச் சொன்னார்: "நாம சின்னக் கூட்டம். வெளிய தெரிஞ்சா கோயிலையே மூடச் சொல்லுவாங்க." அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்தின் விலையை அந்த ஒரு பெண் தலையிலா கட்டுவது? இடமாற்றம் என்றால் என்ன அர்த்தம், தேவா? அடுத்த தோட்டத்துத் தாய்மாருக்கு நாம் ஒன்றும் சொல்லாமல் அனுப்பி வைக்கிறோம் என்றுதானே!

எல்லாவற்றுக்கும் மேலாக, "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற 105ஆம் சங்கீத வசனத்தைச் சொல்லி, போதகரைக் கேள்வி கேட்கக்கூடாது என்றார்கள் மூன்று பேர். அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்தச் சங்கீதத்தை முழுதாக வாசித்தேன். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் அந்நிய தேசங்களில் அலைந்தபோது அங்கிருந்த ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று கர்த்தர் கடிந்துகொண்டதைத்தான் அது சொல்கிறது. அப்படிக் கடிந்துகொள்ளப்பட்டவன் அபிமெலேக்கு. அவன் கதை ஆதியாகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவன் ஆபிரகாமைத் தொடவில்லை. ஆனால் கூப்பிட்டு நிறுத்தி, செய்யத்தகாததை என்னிடத்தில் ஏன் செய்தாய் என்று கேட்டான். ஆபிரகாமும் பதில் சொன்னார். அவரைத் தீர்க்கதரிசி என்று கர்த்தர் சொன்னதும் அதே அதிகாரத்தில்தான். இத்தனை வருடம் அந்த வசனத்தைக் கேட்டும் நான் அந்த அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கத்துக்கு எடுத்தது யோசேப்பையும் போத்திபாரின் மனைவியையும். பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட நீதிமான் என்று குரல் தழுதழுக்கப் பேசினார். அந்தத் தாய் மூன்றாவது பெஞ்சில் இருந்தார். மகள் வரவில்லை. சபையில் பாதிப் பேர் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. யோசேப்பு அந்த வீட்டில் அடிமை, தேவா. வாயில்லாதவன். அதிகாரம் முழுவதும் குற்றம் சாட்டியவள் கையில் இருந்தது. இங்கே அதிகாரம் யார் கையில்? மைக் யார் கையில்? வயதான சாமுவேல் ஜனங்களுக்கு முன்னால் நின்று, நான் யாருக்கு அநியாயம் செய்தேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டாரே, அப்படி இவரும் நின்றிருந்தால் நானே எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றிருப்பேன்.

இனி எழுதப்போவதை நான் இன்னும் என் மகனிடம்கூடச் சொல்லவில்லை. போன வருடம் வேறொரு தாய் என்னிடம் வந்து, "பாஸ்டர் என் பிள்ளைக்கு அடிக்கடி போன் எடுக்கிறார் மாஸ்டர், எனக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்று சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள் என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டேன். அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன். அன்றைக்கு நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தப் பெண்ணுக்கு இது நடந்திருக்குமா என்பதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாத கேள்வி.

2024 நவம்பரில் இங்கிலாந்துத் திருச்சபையின் மூத்த ஆயரான கன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தபோது நீ எழுதியது நினைவிருக்கிறதா? அவர் ஒன்றும் செய்யவில்லையே, ஏன் போக வேண்டும் என்று கேட்டிருந்தாய். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. இப்போது புரிகிறது. ஜோன் ஸ்மித் என்ற சட்டத்தரணி கிறிஸ்தவ முகாம்கள் வழியாகப் பழகிய பையன்களையும் வாலிபர்களையும் பல வருடங்களாக அடித்துத் துன்புறுத்தியிருக்கிறான். இங்கிலாந்திலும் ஆப்பிரிக்காவிலும் சேர்த்து நூறு பேருக்கு மேல். வெல்பி அதைச் செய்தவர் அல்ல. ஆனால் 2013இல் அவர் காதுக்கு விஷயம் வந்தது. பொலிசுக்குச் சொல்லியாயிற்று என்று கேள்விப்பட்டு, அதற்கு மேல் துருவிக் கேட்காமல் இருந்துவிட்டார். ஸ்மித் கடைசிவரை தண்டனை எதுவும் பெறாமலே 2018இல் செத்துப்போனான். கேட்டும் தொடராமல் விட்டவன் என்ற வகையில் நானும் அவர் பக்கத்தில் நிற்க வேண்டியவன்தான்.

அப்புறம், நீ அந்தக் காலத்தில் கசெட்டில் பதிந்து அனுப்பிய, பிரசங்கி ரவி சகரியாஸின் பேச்சுகள். நம்ம சென்னையில் பிறந்தவர் என்று எவ்வளவு பெருமையாக எழுதினாய்! 2017இல் ஒரு பெண் அவரைப் பற்றிச் சொன்னபோது அவர் மறுத்து, அந்தப் பெண்ணின் மேலேயே வழக்குப் போட்டார். அவருடைய ஊழிய நிறுவனம் அவர் சொல்லையே நம்பியது. 2020 மே மாதம் உலகமே புகழ அவரை அடக்கம் செய்தார்கள். 2021 பெப்ரவரியில், வெளியே இருந்து அமர்த்திய சட்ட நிறுவனத்தின் அறிக்கை வந்தபோதுதான் எத்தனை பெண்கள் காயப்பட்டிருந்தார்கள் என்று தெரிந்தது. நிர்வாகக் குழு எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. அவர் உயிரோடு இருந்தபோதே யாராவது விசாரித்திருந்தால், அவருக்கே மனந்திரும்ப ஒரு வழி கிடைத்திருக்கும். விசாரணையை நம்மவர்கள் தண்டனையாகவே பார்க்கிறார்கள். குற்றமில்லாதவராக இருந்தால் அவர் பெயரைத் துடைத்துக் கொடுக்க வேறென்ன வழி இருக்கிறது?

இரண்டாவது கூட்டத்துக்குப் புகார் கொடுத்த பெண்ணின் தாயையும் வரச் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர் எழுந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கொழுந்து நிறுக்கிறப்போ தராசு முள்ளைக் காட்டுங்கன்னு கணக்கப்பிள்ளைகிட்ட சண்டை போட்டவங்க நாங்க. ஒரு கிலோ கூடக் கழிச்சா விடமாட்டோம். கோயில்ல மட்டும் கண்ணை மூடிக்கணுமா?" யாரும் வாய் திறக்கவில்லை. இடமாற்றம் என்று முதலில் சொன்ன மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன் பிறகுதான் காரியம் நகர்ந்தது. அந்த வாயடைப்புக் கடிதப் பேச்சை நான் அன்றே நிறுத்தினேன். கத்தோலிக்க நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார்: பாப்பரசர் பிரான்சிஸ் 2019இல் கொண்டுவந்த சட்டப்படி, புகார் சொன்னவரை வாய் திறக்கக்கூடாது என்று கட்டுப்படுத்த முடியாதாம். மூடி மறைக்கிற ஆயரும் அதே சட்டத்துக்குள் வருவாராம். நம்மிடம் அப்படி எழுதிவைத்த ஒழுங்கு ஏதும் இல்லை. அதனால் நம் மேலிடத்துக்கு எழுதி, எங்களில் யாருக்கும் சொந்தமோ பழக்கமோ இல்லாத மூன்று பேரை விசாரிக்கக் கேட்டோம். அதில் இருவர் பெண்கள், ஒருவர் சட்டத்தரணி. விசாரணை முடியும்வரை போதகர் விடுமுறையில் இருக்கிறார். சம்பளமும் வீடும் அவருக்கு உண்டு, பிரசங்க மேடை மட்டும் இல்லை. அந்தப் பிள்ளையை அவருக்கு எதிரே உட்கார வைத்துக் கேட்கக்கூடாது என்றும் எழுதினோம்.

பொலிசுக்குப் போவதா என்பது அவள் முடிவு. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது, 1995இல் திருத்திய சட்டம் அது. பெண்களுக்கான 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன். போனால் நானே கூட வருகிறேன் என்றேன். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையாக இருந்தால் கமிட்டி கூடிப் பேச ஒன்றுமே இல்லை, நேரே சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு எடுக்க வேண்டியதுதான். போன வருடம் வந்த அந்தத் தாயின் பிள்ளைக்குப் பதினாறு வயது. அதை நான் விசாரணைக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன், என் மௌனத்தையும் சேர்த்து. அந்தத் தாய் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சம்மதித்தபின் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 1929க்கு எடுத்துச் சொன்னேன். செயலாளர் பதவியையும் விட்டுவிட்டேன், ஆனால் கோயிலை விட்டுப் போகவில்லை.

சபை இப்போது இரண்டாகக் கிடக்கிறது. சிலர் என்னோடு கதைப்பதில்லை. போதகரின் மனைவி கடைத்தெருவில் என்னைக் கண்டு ஒதுங்கிப் போனார். அவருடைய பிள்ளைகளின் முகம் மனதை விட்டுப் போகவில்லை. அவர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்.

நேற்று மாலை, புகார் கொடுத்த பெண்ணின் தாய் திரும்பவும் வந்தார். விசாரணை எப்போது என்று கேட்டார். அடுத்த மாதம் இரண்டாம் கிழமை என்றேன். "எழுதித் தாங்க மாஸ்டர்" என்றார். எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துக் கொழுந்துப் பையின் உள்ளே வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்புடன்,
உன் ராஜன்