முதலில் தீப்பொறி, பிறகே கார்புரேட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பித்து ஓட்டுவது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஐம்பது, அறுபது ஆண்டு வயதான வண்டிகள்மீது இளைஞர்கள் நாட்டம் கொள்வது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், கிளம்பத் தகராறு செய்யும் வண்டிக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைப் பெரிதாக்கி, பிளக்கில் தீப்பொறி தரும் இக்னிஷனை எலெக்ட்ரானிக்காக மாற்றிவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை அக்கட்டுரை விதைப்பதால், பல ஆண்டுகளாக இவ்வண்டிகளைப் பிரித்து மாட்டி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கார்புரேட்டரின் குறை என்று நாம் நினைப்பவற்றில் பல, உண்மையில் இக்னிஷனின் குறைகள். என் ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்று, காலையில் ஓர் உதையில் கிளம்பும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் இருமி நின்றுவிடும். பெட்ரோல் சரியாக வரவில்லை என்று முடிவு செய்து, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளைத்திருகுகளான ஜெட்டுகளை மாற்றினேன். அதுவும் பயன்படாமல், விட்டம் கூடிய வேறொரு கார்புரேட்டரையே வாங்கி மாட்டினேன். பிளக் கரி பிடித்ததே தவிர, நோய் தீரவில்லை. கடைசியில், பாயிண்டுகள் எனப்படும், மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனைகள் கருகாமல் காக்கும், கைவிரல் அளவேயான கண்டென்சர் சூட்டில் செயலிழந்து, அவற்றுக்கிடையே நீலப் பொறி பறந்துகொண்டிருந்ததைக் கண்டேன். கண்டென்சரை மாற்றிப் பழைய கார்புரேட்டரையே திரும்ப மாட்டியதும் வண்டி சீராக ஓடியது. அந்தச் சில மாதங்கள் முழுவதும் நான் தவறான இடத்தையே தோண்டிக்கொண்டிருந்தேன்.

பாயிண்ட் அமைப்பில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை; ஆனால் ஒன்றையும் விட முடியாது. பாயிண்டைத் திறந்து மூடும் சுழல்மேடான கேமில் உரசும் அடிக்கட்டை தேயத் தேய பாயிண்ட் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் தீப்பொறி தாமதமாகும். வண்டி சோம்பிப்போய்ச் சூடேறும். பல வண்டிகளுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையிலான இந்த இடைவெளியைச் சரி செய்த பிறகே, தீப்பொறி விழும் நேரமான டைமிங்கைத் தொட வேண்டும், ஏனெனில் முன்னதை மாற்றினால் பின்னதும் மாறிவிடும். வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்தள்ளும் எடைக்கட்டைகளின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால், நின்ற நிலையில் வைத்த டைமிங் ஓடும் நிலையில் பொய்யாகிவிடும். டைமிங் விளக்கை அடித்து, முழு வேகத்தில் அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி. 650 சி.சி. டிரையம்ஃப் இரட்டை சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் அது, பிஸ்டன் உச்சிக்கு வரும் மேல்முனைக்குக் கிராங்க் தண்டின் சுழற்சியில் 38 பாகை முன்னால் இருக்க வேண்டும்.

எலெக்ட்ரானிக் இக்னிஷனை நான் எதிர்க்கவில்லை. தேய்வதற்குப் பாயிண்ட் இல்லை, டைமிங் நிலைத்து நிற்கும், கிளப்புவதும் எளிது. பழைய வண்டியில் செய்யத்தக்க மாற்றங்களில் இதற்கே முதலிடம் தருவேன். ஆனால், அது பெரும்பாலும் பேட்டரியை நம்பி வாழ்வது. சார்ஜ் குறைந்து மின்னழுத்தம் சரிந்தால், சிலவகை எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டிகளில் டைமிங் தாறுமாறாகி, உதைப்பவரின் காலையே கிக்கர் திருப்பி அடிக்கும். எனவே டைனமோ, ரெகுலேட்டர், எர்த் இணைப்பு, ஒயரிங் ஆகியவற்றைச் செப்பனிடாமல் அதைப் பொருத்தக் கூடாது. மின்தடை (ரெசிஸ்டர்) உள்ள பிளக் மூடியும் பெரும்பாலானவற்றுக்குத் தேவை. பேட்டரியே இல்லாமல் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை, அது நல்ல நிலையில் இருக்கும்போது கழற்றி எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை. சுருளைப் புதிதாகச் சுற்றிக் கண்டென்சரை மாற்றிய மேக்னெட்டோ நெடுங்காலம் உழைக்கும்.

தீப்பொறியை உறுதி செய்த பின்னரே கார்புரேட்டரிடம் வர வேண்டும். அங்கும் முதற்கேள்வி அளவைப் பற்றியதன்று, தேய்மானத்தைப் பற்றியது. ஆக்சிலரேட்டர் இழுக்க உயர்ந்து காற்றுக்கு வழிவிடும் ஸ்லைடும் அது ஏறி இறங்கும் உடலும் துத்தநாகக் கலவையால் ஆனவையாக இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று தின்று, இடுக்கு வழியே காற்று புகுந்து, நின்ற நிலையில் இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலிங் ஒருபோதும் நிலைக்காது. மேற்பரப்பை மின்வேதி முறையில் கடினமாக்கிய (ஆனோடைஸ் செய்த) அலுமினிய ஸ்லைடுகள் இப்போது கிடைக்கின்றன. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் காணும் ஆமல் கான்சென்ட்ரிக் கார்புரேட்டரில், பெட்ரோல் உலர்ந்து பிசினாகி அடைத்துக்கொள்ளும் குறைந்த வேகத்தில் பெட்ரோல் தரும் பைலட் துளையின் விட்டம் சுமார் 0.4 மில்லிமீட்டர்தான், அதைத் திறந்துவிட்டாலே புது கார்புரேட்டரின் தேவை பல நேரங்களில் மறைந்துவிடுகிறது.

பெரிய விட்டம் வேண்டும் என்போர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். துளை அகன்றால் குறைந்த வேகத்தில் காற்றின் ஓட்டம் தளரும். தளர்ந்த காற்று பெட்ரோலை ஒழுங்காக உறிஞ்சி எடுக்காது. 1956-இல் வந்த பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் டி.பி.டி. 34 வண்டியில் ஒன்றரை அங்குல ஆமல் ஜி.பி. கார்புரேட்டர் இருந்தது. பந்தயத்துக்கென்றே அமைந்த அது ஐடிலிங்கில் நிற்க மறுப்பதற்குப் பெயர் பெற்றது. போக்குவரத்து நெரிசலில் ஓட்டும் வண்டிக்கு அது எதற்கு?

ஜெட் மாற்றுவோர், ஆக்சிலரேட்டரின் எந்த நிலையில் கோளாறு என்று முதலில் அறிய வேண்டும். எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட், கால் பங்கு வரை ஸ்லைடின் அடிப்பக்க வெட்டு, முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட் என்பது தோராயமான எல்லை. பாதி ஆக்சிலரேட்டரில் தயங்கும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிப் பயனில்லை.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கே போதும். 20 விழுக்காடு எத்தனால் கலந்தால் அது ஏறத்தாழ 13.5 ஆகிவிடுவதால், பழைய ஜெட்டுகள் தரும் கலவை மெலிந்துபோகும். ஈடு செய்ய ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். அதை மெயின் ஜெட்டில் மட்டும் கொடுத்தால் போதாது, பைலட்டிலும் நீடிலிலும் கொடுக்க வேண்டும். பழைய ரப்பர் குழாய்களும் கார்க் வாஷர்களும் ஃபைபர்கிளாஸ் டேங்குகளும் எத்தனாலைத் தாங்குவதில்லை என்பதால் அவற்றையும் மாற்றியாக வேண்டும்.

மெலிந்த கலவையும் அளவுக்கு மீறி முன்தள்ளிய டைமிங்கும் ஒரே இன்ஜினில் சேர்ந்தால் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுபவர், எது கெடுத்தது என்று அறியவும் வழியற்றுப் போகிறார். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவோர் அதே பள்ளத்தில் விழுவதோடு, தூசியால் சிலிண்டரையும் தேய்க்கின்றனர்.

ஆகவே, தங்கள் வாகனப் பகுதியில் இத்தகைய கட்டுரைகள் இனி வரும்போது, வால்வு இடைவெளி, தீப்பொறி, அதன்பின் கார்புரேட்டர் என்ற வரிசையையும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிக் குறித்துவைக்கும் முறையையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். கழற்றிய மூலப் பாகங்களை எண்ணெய் தடவிச் சுற்றிவைக்கவும் சொல்லுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்குபவருக்கு அவை வேண்டியிருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
பழைய மோட்டார் சைக்கிள்களைப் பேணி வரும் வாசகர் ஒருவர்