க்ரோன்ஸ் பிள்ளைக்கு எந்த வலி மருந்து, எந்த வைட்டமின்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைக்கு வயிற்றுவலி என்று மருந்துக்கடையில் சொன்னால், பல இடங்களில் கேள்வி இல்லாமல் எடுத்துக் கொடுப்பது மெஃபனமிக் அமிலமும் டைசைக்ளோமினும் சேர்ந்த மருந்து. காய்ச்சலும் உண்டு என்றால் இபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் கலந்த சிரப். மற்ற பிள்ளைகளுக்கு ஓரிரு வேளை ஒத்துப்போகலாம். க்ரோன்ஸ் நோய் உள்ள பிள்ளைக்கு இரண்டுமே ஆகாது. சீட்டில்லாமல் விற்கும் பழக்கம் நாளைக்கே மாறப்போவதில்லை. பெற்றோரும் ஆசிரியர்களுமாவது தெரிந்து வைத்திருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

க்ரோன்ஸ், குடல் சுவரை முழுத் தடிமனுக்கும் பாதிக்கும் நாள்பட்ட அழற்சி. பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பிடிக்கும். இபுபுரூஃபென், மெஃபனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென் ஆகியவை வலியைக் குறைப்பது உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரப்பதைத் தடுத்து. குடலின் உட்படலத்துக்குக் காப்பும் அதே பொருள்தான். காப்பு குறைந்தால் புண்ணில் ரத்தம் கசியலாம், அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்பலாம். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததே சிக்கல். சாப்பிட்ட பிறகு கொடுத்தால் பரவாயில்லை என்பதும் சரியல்ல. ஊசியாகப் போட்டாலும் மருந்து ரத்தத்தின் வழியே குடலுக்குப் போகத்தான் செய்யும். க்ரோன்ஸை அடக்க மெத்தோட்ரெக்சேட் (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து) எடுக்கும் பிள்ளைக்கு இன்னொரு ஆபத்து: இவ்வகை மருந்துகள் மெத்தோட்ரெக்சேட் சிறுநீரில் வெளியேறுவதைத் தாமதப்படுத்தி நச்சை ஏற்றக்கூடும். குடல் மருத்துவர் நோயை அறிந்தே எழுதினால் ஒழிய இவை வேண்டாம். இதே வகையைச் சேர்ந்த நிமசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

பிறகு எதைக் கொடுப்பது? பாராசிட்டமால், அதுவும் தனியாக. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; வேளைக்கு வேளை 6 மணி நேர இடைவெளி; நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளை 200 முதல் 300 மி.கி. சிக்கல் பாட்டிலில்தான் தொடங்குகிறது. 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் இது 4 முதல் 6 மி.லி. 125 மி.கி. சிரப்பில் 8 முதல் 12 மி.லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். பழைய சிரப் நினைப்பில் சொட்டு மருந்தை 8 மி.லி. ஊற்றினால் 800 மி.கி. உள்ளே போய்விடும். சமையலறைக் கரண்டி வேண்டாம், மி.லி. கோடு போட்ட சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். வயதைப் பார்த்தும் அளவு போடாதீர்கள். க்ரோன்ஸ் பிள்ளைகள் பலர் வயதுக்கேற்ற எடையில் இருப்பதில்லை. சரியாகச் சாப்பிடாமல் மெலிந்த உடலில் கல்லீரலின் தாங்கும் சக்தியும் குறைவு. சளி சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கக்கூடும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைப்பது நல்லதே. டைசைக்ளோமின் (வயிற்றுப் பிடிப்புக்கு), லோபரமைடு (வயிற்றுப்போக்கை நிறுத்த) போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது: குடல் சுருங்கி அடைப்பு இருந்தால் அதை மோசமாக்கும், பெருங்குடலில் அழற்சி கடுமையாக இருந்தால் குடல் வீங்கிப் பெரிதாகிவிடவும் கூடும். அபின் வகை வலி மருந்தான கோடீன் 12 வயதுக்குள் அறவே வேண்டாம்.

வலி மருந்தோடு வீட்டில் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு உப்பி வாயு பிரியாமல் இருப்பது, மலத்தில் ரத்தம், ஆசனவாயருகே வீங்கி வலிப்பது, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரிக் காய்ச்சல். ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்குக் குடலில் ஓட்டை விழுந்தால்கூட வயிறு அவ்வளவாக இறுகாது. அதனால் "வலி கொஞ்சம்தான்" என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

வைட்டமின் விஷயத்தில் நடப்பது வேறு விதமான அலட்சியம். ஒரு மல்டிவைட்டமின் சிரப்போடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து), வைட்டமின் டி ஆகியவற்றை நோய் கண்டறிந்தபோதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவதும் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு நீடித்தால் துத்தநாகமும்.

டி வைட்டமினில்தான் தவறு அதிகம். 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று என எழுதப்படும். அதைத் தினம் ஒன்றாகக் கொடுத்துவிடுவதும், சொன்ன வாரங்கள் முடிந்தும் தொடர்வதும் நடக்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் வாந்தி, மலச்சிக்கல், தாகம், வயிற்றுவலி வரும். பார்ப்பவர்கள் க்ரோன்ஸ்தான் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள்.

பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அங்கே 20 செ.மீ.க்கு மேல் வெட்டி எடுத்திருந்தால் குறைபாட்டை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அப்போது ஊசி தேவைப்படலாம். சைவக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சோதனை இன்னும் அவசியம். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். மெத்தோட்ரெக்சேட்டோடு ஃபோலிக் அமிலம் கட்டாயம். வழக்கமாக மறுநாள் 5 மி.கி. இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாக வருவதுண்டு. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். மாறிப்போய்த் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் வெவ்வேறு டப்பாவில் வையுங்கள், மெத்தோட்ரெக்சேட் டப்பாவின் மேல் கிழமையை எழுதுங்கள்.

இரும்புச் சத்துக்கு ஃபெரிட்டினை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அழற்சி இருக்கும்போது அது தானாகவே உயரும். 100 வரை காட்டினாலும் குறைபாடு இருக்கலாம். நோய் தீவிரமாக இருக்கையில் குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சாது, சிரப் வயிற்றைக் கலக்கும், அதனால் மருத்துவர் நரம்பு வழியாக ஏற்றச் சொல்லலாம். சிரப் குடிக்கும் பிள்ளைக்கு மலம் கறுக்கும். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தார்போல் ஒட்டிக்கொண்டு நாறினால் உடனே காட்ட வேண்டும். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் இரும்பைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

க்ரோன்ஸுக்குச் சிகிச்சையாக 6 முதல் 8 வாரம் சத்துப்பால் மட்டுமே உணவாக இருக்கும் பிள்ளைக்கு அதிலேயே வைட்டமின்கள் உண்டு. மேலே எதையும் சேர்க்குமுன் உணவியல் நிபுணரைக் கேளுங்கள். மிட்டாய்போல் வரும் வைட்டமின்களைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அளவு மீறினால் ஏ வைட்டமின் உடலில் தங்கி நச்சாகிவிடும்.

பள்ளிகளுக்கு ஒரு கோரிக்கை. முதலுதவிப் பெட்டிக்குள் இந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு அட்டை இருக்கட்டும்: கொடுக்கலாம் என்பது பாராசிட்டமால் மட்டும், 5 மி.லி.க்கு எத்தனை மி.கி. உள்ள சிரப், ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., கொடுக்கக் கூடாதவற்றின் பெயர்கள், கூப்பிட வேண்டிய எண். எடை மாறும் என்பதால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பெற்றோர் அதைத் திருத்தித் தர வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பிரிவு மருந்தாளுநர்கள் சிலர்,
திருச்சி