சரிபார்த்த பிறகும் என் ஆதார் அங்கே எதற்கு?

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. "அக்கா, ஞாபகம் இருக்கா? இப்ப வேற மேட்ரிமோனி ஆபீஸ்ல இருக்கேன். நல்ல வரன் ஒண்ணு வந்திருக்கு. அட்ரஸ் இதேதானே?" கூடவே என் ஆதார் அட்டையின் படம், முன்பக்கமும் பின்பக்கமும். கீழே பச்சைப்பூ போட்ட எங்கள் வீட்டு மேசை விரிப்பு, ஓரத்தில் என் கட்டைவிரல். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திருமணத் தகவல் நிறுவனத்துக்கு நானே எடுத்து அனுப்பிய படம் அது. அங்கே என் கணக்கை மூடியே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. வேலை மாறும்போது பழைய வாடிக்கையாளர்களின் படங்களும் அவர் போனிலேயே கூடப் போயிருக்கின்றன, அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பயம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே என் வீட்டுக் கதவு எண் ஊரைச் சுற்றி வருகிறது.

சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சித்தி மகள், லண்டன் டாக்டர் என்று சொன்னவனை நம்பி, சுங்கவரி கட்ட வேண்டும் என்ற பேச்சில் நகைக்கடனே வாங்கி அனுப்பினாள். போலிக் கணக்குகள் ஒழியத்தான் வேண்டும். 2016 ஜூனில் உங்கள் துறை திருமணத் தளங்களுக்கு அறிவுரை வெளியிட்டு, பதிவு செய்பவர்களிடம் அடையாள, முகவரிச் சான்றுகளின் நகலை வாங்கச் சொன்னதும் இந்த ஏமாற்றுகளைத் தடுக்கத்தான். ஆனால் ஒருவர் யார் என்று பார்ப்பது வேறு, அவர் அட்டையை எடுத்து வைத்துக்கொள்வது வேறு.

வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூலையில் அமெரிக்காவில் பார்த்தோம். டேட்டிங்கில் சந்திக்கும் ஆண்களைப் பற்றிப் பெண்கள் ஒருவரையொருவர் எச்சரிப்பதற்காகவே வந்த செயலி 'டீ'. பெண்தான் என்று உறுதிசெய்ய செல்ஃபியும் அடையாள அட்டையும் கேட்டார்கள். சரிபார்த்ததும் அழித்துவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். கடைசியில் பழைய சேமிப்பிலிருந்து சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அதில் ஏறக்குறைய 13,000 அந்தச் சரிபார்ப்புப் படங்கள். பாதுகாப்பு தேடி வந்த பெண்களின் முகங்கள்தான் வெளியே போயின.

இங்கே டேட்டிங் செயலிகளும் அதே வழியில் வருகின்றன. டிண்டர் முகச் சோதனையைக் கொண்டுவந்துவிட்டது, பம்பிளில் அரசு அடையாள அட்டையைக் கொடுத்தும் சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குத் தெரியாமல் இவற்றில் இருக்கும் ஒரு பெண்ணையோ, தன்பாலீர்ப்பு கொண்ட ஒரு பையனையோ நினைத்துப் பாருங்கள். எனக்கு நடந்தது அவர்களுக்கு நடந்தால், ஊரைவிட்டே போக வேண்டிவரும்.

'மாஸ்க்டு' ஆதார் கொடுக்கலாமே என்பீர்கள். அதில் முதல் 8 இலக்கங்கள்தான் மறையும். பிறந்த தேதியும் முகவரியும் அப்படியேதான் இருக்கும். ஒரு பெண்ணுக்கு அந்த எண்ணைவிட முகவரிதானே ஆபத்து? தேவையான விவரத்தை மட்டும் பகிரும் வசதி புதிய ஆதார் செயலியிலேயே இருக்கிறது. பெயரும் வயதும் உண்மையா என்று தெரிந்தால் போதாதா? வரன் பார்க்கும் நிறுவனத்துக்கு என் கதவு எண் எதற்கு?

2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவை முடிந்ததும் அழிக்கச் சொல்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதுவரை காத்திருக்க வேண்டாம். 2016 அறிவுரையை இப்போதே மாற்றுங்கள். சரிபார்த்த குறிப்பு மட்டும் இருக்கட்டும், நகல் இருக்கக் கூடாது. ஊழியரின் சொந்த போனில் யாருடைய சான்றையும் வாங்கக் கூடாது. கணக்கை மூடினால் எல்லாம் அழிந்தது என்று எழுத்தில் பதில் வர வேண்டும்.

அந்தத் தம்பியிடம் படத்தை அழிக்கச் சொன்னேன். "அழிச்சிட்டேன் அக்கா" என்றார். பழைய நிறுவனத்துக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்