கேஸ் தானா குறையாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சென்ட்ரல் ஏசில கூலிங் குறைஞ்சா உடனே "கேஸ் கம்மியாயிடுச்சு, டாப்-அப் பண்ணிடலாம்"னு சொல்றது வழக்கமாயிடுச்சு, அதான் எழுதறேன். குளிர வைக்கற இந்த கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகுற பொருள் இல்ல, மூடின பைப்புக்குள்ளயே சுத்திட்டு இருக்கறது, குறைஞ்சிருந்தா எங்கயோ லீக்னுதான் அர்த்தம். ஜாயின்ட் பக்கத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னு பாக்கணும், நைட்ரஜன் பிரஷர் குடுத்து சோப்புத் தண்ணி தடவினா லீக் இருக்கற இடத்துல குமிழ் குமிழா கிளம்பும், அதை அடைச்சு, வேக்குவம் போட்டு (அதாவது பைப்புக்குள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் பம்ப் வச்சு உறிஞ்சி எடுத்து), அப்புறம் எடை போட்டு கேஸ் ஏத்தறதுதான் முறை. நிறைய ஏசில இருக்கற ஆர்-410ஏ கேஸ் ஓசோனைக் கெடுக்காதுதான், ஆனா கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 2,000 மடங்கு பூமியை சூடாக்கும், அதைப் போய் காத்துல விடலாமா?

பல நேரம் கேஸே காரணமா இருக்காது. ஃபில்டர்ல தூசி அடைச்சு காத்தைக் குளிர வைக்கற காயில்ல ஐஸ் கட்டியிருக்கும், இல்லனா ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல காத்து வர்ற குழாயான டக்ட் பிரிஞ்சு குளிர் காத்து அங்கயே போயிட்டிருக்கும். மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் போடறவங்க, லீக் டெஸ்ட் பண்ணாம கேஸ் ஏத்தக்கூடாதுன்னு ஒரு வரி கண்டிப்பா எழுதி வாங்குங்க.

இப்படிக்கு,
ஏசி சர்வீஸ் வேலையில இருக்கற ஒரு வாசகர்