கல்யாணியில் சுத்த ரிஷபம் எங்கிருந்து வந்தது?

பெங்களூரில் ஆடியோ ப்ளகின் எழுதும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். அல்சூரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பக்திப் பாடல்களையும் சுயாதீனப் பாடகர்களின் பாட்டுகளையும் மிக்ஸ் செய்கிறவன் நான். உங்களில் சிலர் பகலில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் டேப் டிலே எழுதுகிறீர்கள்: ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடி, பழைய டேப் எக்கோ மெஷின் போல எதிரொலி தரும் ப்ளகின். சாச்சுரேஷன் (டேப்பின் கரகரப்பு), வாவ், ஃப்ளட்டர் (டேப் வேகத்தின் தடுமாற்றம்) எல்லாம் பிரமாதம். நைந்த டேப்பின் அழுக்குச் சத்தம்கூட அப்படியே வருகிறது. எனக்குத் தகராறு ஸ்பீடு நாபும், டிலே நேரத்தைப் பாட்டின் டெம்போவோடு பூட்டும் சிங்க் பட்டனும் சேரும் இடத்தில்தான்.

பதிவு ஹெட்டுக்கும் வாசிப்பு ஹெட்டுக்கும் உள்ள தூரத்தை டேப்பின் வேகத்தால் வகுத்தால் டிலே நேரம் வந்துவிடும். 1974இல் வந்த ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோவில் ஹெட்டுகள் அசையாது, மோட்டார் வேகம்தான் மாறும். எக்கோப்ளெக்ஸில் டேப் ஒரே சீராக ஓடும், ஹெட்டை நகர்த்துவோம். காதுக்கு இரண்டும் ஒன்றல்ல. மோட்டாரை வேகப்படுத்தினால், பழைய வேகத்தில் பதிந்தது புது வேகத்தில் ஓடி சுருதி ஏறும். ஃபீட்பேக் அதையே திரும்பப் பதிவதால், அந்த எதிரொலி வால் மங்கித் தீரும்வரை ஏறிய சுருதியிலேயே நிற்கும். ஹெட்டை நகர்த்தினாலோ, நகர்கிற நேரத்துக்கு மட்டும் சுருதி வழுக்கும். ஹெட் நின்றதும் பழையபடி ஆகிவிடும். ப்ளகின்களில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே நாப். உள்ளே நடப்பது எது என்று மேனுவலிலும் இருக்காது.

இதில் சிங்க் சேர்ந்தால் என்ன ஆகிறது, பாருங்கள். பல்லவி 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 அடி), சரணம் 106. ஆறு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் வேகம் ஆறு சதவீதம் கூடினால் ஏறக்குறைய ஒரு செமிடோன் ஏறிவிடும். பாடகி ஸட்ஜத்தில் முடித்த கடைசிச் சொல்லின் எதிரொலி, தம்புரா ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு செமிடோன் மேலே இருக்கும் சுத்த ரிஷபத்துக்குப் போய் உட்காருகிறது. ராகம் சுத்த ரிஷபம் உள்ள மாயாமாளவகௌளை என்றால் எப்படியாவது தப்பித்துக்கொள்ளலாம். அந்த ஸ்வரமே இல்லாத கல்யாணியில் எங்கே போய் ஒளிவது?

அந்தச் சறுக்கலே வேண்டாம் என்று சொல்லவில்லை. டப் இசையின் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது. நான் கையால் நாபைத் திருப்பினால் மோட்டார் மாதிரியே முக்கி முனகி மெதுவாக வேகம் பிடிக்கட்டும். டெம்போவை ஹோஸ்ட் (அந்த ரெக்கார்டிங் மென்பொருள்) மாற்றும்போது மட்டும் வேறு வழியில் போங்கள்: பஃபரில் (ஒலி தேங்கும் நினைவகத்தில்) புது நேரத்தில் இன்னொரு வாசிப்புப் புள்ளி வைத்து, பழையது மங்க இது எழும்படி கிராஸ்ஃபேட் செய்யுங்கள். சுருதி அசையாது. அங்கேயும் சறுக்கல் வேண்டும் என்பவருக்கு ஒரு ஸ்விட்ச் வையுங்கள், ஆனால் டீஃபால்டாக அது அணைந்தே இருக்கட்டும். அப்புறம், லூப் தொடக்கத்துக்குத் திரும்பும்போதெல்லாம் ஊளையிட்டபடி பழைய டெம்போவைத் தேடி ஓட வேண்டாம். டிரான்ஸ்போர்ட் (பாட்டு ஓடும் இடம்) தாவினால் நேரமும் நேராகத் தாவட்டும்.

சிங்க் போட்டதும் ஸ்பீடு நாபைச் சாம்பல் நிறத்தில் பூட்டிவிடுகிறீர்களே, அந்தப் பழக்கத்தையும் கைவிடுங்கள். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழும் எதிரொலிதான் பல பாட்டுகளில் பாடகரின் குரலுக்கு இடம் விடுகிறது.

60 பிபிஎம்மில் ஒரு அடி 1000 மில்லிசெகண்ட். ஸ்பேஸ் எக்கோவின் கடைசி ஹெட்டே அரை வினாடியை ஒட்டித்தான் போகும். நிஜ மெஷினுக்கு எட்டாத நேரத்தைக் கேட்டால் சில ப்ளகின்கள் சத்தமில்லாமல் பாதியாக்கிவிட்டு, திரையில் மட்டும் கால் நோட் (ஒரு அடி) என்றே காட்டுகின்றன. உண்மையான மில்லிசெகண்டைக் காட்டினால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கடைசியாக, நடை, அதாவது ஒரு அடியை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பது. உங்கள் சிங்க் மெனுவில் நேர் நோட், டாட்டட், டிரிப்லெட் மூன்றும் உண்டு. அதாவது சதுஸ்ரமும் (நான்கு) திஸ்ரமும் (மூன்று) வந்தாயிற்று. கண்டமும் (ஐந்து) மிஸ்ரமும் (ஏழு) எங்கே? வெளிநாட்டில் எழுதியவர்கள் விட்டுவிட்டால் புரிகிறது. மிருதங்கம் கேட்டு வளர்ந்த நீங்களுமா? 80 பிபிஎம்மில் ஒரு அடி 750 மில்லிசெகண்ட், ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 150. மூன்று ஹெட்டும் சம இடைவெளியில் இருந்தால் 150, 300, 450இல் எதிரொலி விழும். 'தகதகிட' சொல்லிப் பாருங்கள்: இரண்டாவது ஹெட் சரியாகத் 'தகிட' தொடங்கும் இடத்தில் வந்து நிற்கிறது. டேப் மெஷின் இதற்காகவே செய்தது போல இருக்கிறது! இப்போது இதைச் செய்ய சிங்கை அணைத்துவிட்டு, கால்குலேட்டரில் கணக்குப் போட்டு, மில்லிசெகண்டைக் கையால் எழுத வேண்டும். டெம்போ கொஞ்சம் நகர்ந்தால் எல்லாம் போச்சு. பெரிய மெனுகூட வேண்டாம், பின்னத்தின் தொகுதி, பகுதி என்று இரண்டு எண்களை நாங்களே நிரப்ப இரண்டு பெட்டிகள் வையுங்கள்.

சோதனைக்கு டெம்போ மாறும் பாட்டு வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது. குரலும் தம்புராவும் தனித்தனி டிராக்கில், டெம்போ மேப்போடு தருகிறேன். ஒரு சனிக்கிழமை ஹெட்ஃபோனை எடுத்துக்கொண்டு அல்சூர் பக்கம் வாருங்கள்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு மிக்ஸிங் இன்ஜினியர்