நத்தார்த் திரையிடலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

லண்டன் ஹரோவில் எங்கள் பகுதி நூலகத்தின் சிறுவர் கூடத்தில், நத்தாருக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, ‘கிரஃபலோவின் பிள்ளை’ என்ற அசைவூட்டப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். தமிழ்ப் பள்ளிக்கு வரும் சிறுவர்களும், அவர்களுடைய அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும், அயலிலுள்ள பிற மொழிக் குடும்பங்களும் ஒன்றாக அமர்ந்து பார்த்த அந்த மாலை, பலர் தங்கள் ஓய்வை விட்டுக்கொடுத்து உழைத்ததால் மட்டுமே கைகூடியது. பெயர் வேண்டாம் என்று பெரும்பாலானோர் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த பணியைச் சொல்லியே பெற்றோர் குழுவின் சார்பில் நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, எங்களை அறியாமலே எங்களுக்கு உதவியவர்களுக்கு உரியது. ஜூலியா டொனால்ட்சன் எழுத, அக்செல் ஷெஃப்லர் படம் வரைந்த ‘கிரஃபலோ’ 1999இல் நூலாக வந்தது. சிறு எலியொன்று தன்னைத் தின்ன வந்த நரியையும் ஆந்தையையும் பாம்பையும் கிரஃபலோ என்ற ஒரு கற்பனைப் பூதத்தின் பெயரைச் சொல்லி விரட்டிவிட்டு, அந்தப் பூதம் உண்மையிலேயே எதிரில் வந்து நிற்க, அதையும் புத்தியால் வெல்லும் கதை அது. புலிக்கு முன்னால் நடந்துபோய், காடே தனக்கு அஞ்சுவதாகப் புலியை நம்பவைத்த நரியைப் பற்றிய சீனப் பழங்கதைதான் அதற்கு வித்து. 2009ஆம் ஆண்டு நத்தார் நாளில் பி.பி.சி. அதைப் படமாக ஒளிபரப்பியது. அதன் தொடர்ச்சியாக 2004இல் நூலாக வந்த ‘கிரஃபலோவின் பிள்ளை’, 2011ஆம் ஆண்டு நத்தார் நாளில் படமாக வந்தது. கதையில் நத்தார் மரமோ பரிசுப் பொதியோ இல்லை. பனி கொட்டும் காடும் பழகிய விலங்குகளும் மட்டுமே உண்டு. ஆயினும் இந்நாட்டுக் குடும்பங்கள் நத்தார் விருந்துக்குப் பின் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் படங்களாக இவை இரண்டும் நிலைத்துவிட்டன. எல்லாச் சமயத்துக் குடும்பங்களும் வருகின்ற எங்கள் கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான நத்தார்ப் படத்தை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

சில நிமிடங்களில் வாசித்து முடிக்கக்கூடிய கதையை ஏறக்குறைய அரை மணி நேரப் படமாக்கும்போது, இடைவெளியை ஓட்டத்தாலும் கூச்சலாலும் நிரப்பிவிடுவது எளிது. ‘மஜிக் லைட்’ என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தாரும் ஜேர்மனியின் லுட்விக்ஸ்பேர்க் நகரிலுள்ள ‘ஸ்டூடியோ சொய்’ அசைவூட்டக் கலைஞர்களும் அந்த வழியில் போகவில்லை. தாய் அணிலொன்று தன் குஞ்சுகளுக்குச் சொல்லும் கதையாக அவர்கள் அதை அமைத்தார்கள். பயம் வரும் இடங்களில் அந்தத் தாயின் குரல் பிள்ளைகளைத் தாங்கிக்கொள்கிறது. முதற்படத்தின் காட்டை உண்மையான மாதிரி உருவாகச் செய்து, கணினியில் உருவான விலங்குகளை அதற்குள் நடமாடவிட்டதால் மரப்பட்டையைத் தொட்டுப் பார்க்கலாம் போலத் தோன்றுகிறது. அந்தப் படம் 2011ஆம் ஆண்டு ஒஸ்கார் விழாவில் அசைவூட்டக் குறும்படப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டதில் வியப்பில்லை. இரண்டாவது படத்தை இயக்கிய ஊவே ஹைட்ஷோட்டருக்கும் யொஹானஸ் வைலன்டுக்கும், இரு படங்களுக்கும் இசையமைத்த ரெனே ஓப்ரிக்கும், தாய் அணிலாகப் பேசிய ஹெலனா பொன்ஹாம் கார்ட்டருக்கும் எங்கள் நன்றி. கிரஃபலோவாகப் பேசிய ரொபி கோல்ட்ரேனும், ஆந்தையாகப் பேசிய ஜோன் ஹேர்ட்டும், நரியாகப் பேசிய டொம் வில்கின்சனும் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் குரலைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இப்படத்தைத் தேர்ந்தபோது ஒரு தாய் தயங்கினார். அவருடைய நான்கு வயது மகளுக்கு இருட்டென்றால் நடுக்கம். தகப்பன் உறங்கும் நேரத்தில் கிரஃபலோவின் பிள்ளை குச்சிப் பொம்மையை எடுத்துக்கொண்டு, பனி இரவில் தனியே, தகப்பன் சொல்லி எச்சரித்த ‘பெரிய பொல்லாத எலியை’த் தேடிப் போகிறாள். கடைசியில் அவள் கையில் அகப்படுவது சின்னஞ்சிறிய எலிதான். அந்த எலி ஒரு கிளையில் ஏறி நிலவொளியில் நிற்க, அதன் நிழல் பனியின்மேல் பேருருவாக விழுகிறது. பிள்ளை அஞ்சி ஓடித் தகப்பனின் அணைப்புக்குள் புகுந்துகொள்கிறாள். இந்தக் காட்சியைச் சிறுபிள்ளைகள் எப்படித் தாங்குவார்கள் என்பதே அந்தத் தாயின் கேள்வி. கேட்டதற்காக அவருக்கு நன்றி. அதற்குப் பிறகு நாங்கள் செய்த ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே செய்ததுதான்.

பதிலைத் தந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அம்மம்மா. மின்சாரம் இல்லாத காலத்தில் குப்பி விளக்கின் முன்னால் கைகளைக் கோத்துச் சுவரில் மானும் நாயும் முயலும் காட்டி ஒரு வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் உறங்கவைத்தவர் அவர். படத்துக்கு முன்னர் நிழல் எப்படிப் பெருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்றார். மின்பணியாளரான ஒரு தந்தை தம் வேலைத்தல விளக்கொன்றையும் வெள்ளைத் துணியையும் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தார். அம்மம்மா காகிதத்தில் வெட்டிய எலியை விளக்கருகே கொண்டுபோக அது துணி முழுவதும் வளர்ந்து நின்றது; துணியருகே கொண்டுவர விரலளவாகச் சுருங்கியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அந்த எலியைத் தங்கள் கையாலேயே பெருப்பித்தும் சிறுப்பித்தும் பார்த்தார்கள். அச்சமுள்ள அந்தச் சிறுமி இருமுறை வரிசையில் நின்றாள். படத்தில் அந்தக் காட்சி வந்தபோது தாயின் மடியில் இருந்தபடியே, “அது சின்ன எலிதான்” என்று கூடம் முழுவதும் கேட்கச் சொன்னாள்.

படத்துக்கு முன் கதையைத் தமிழில் சொன்ன உயர்வகுப்பு மாணவிகள் இருவருக்கும், அவர்களுக்குப் பயிற்சி அளித்த ஆசிரியைக்கும் நன்றி. ஆங்கிலம் அதிகம் அறியாத மூத்தவர்கள் படத்தை விடாமல் பின்தொடர்ந்தது இவர்களால்தான். ஒவ்வொரு விலங்குக்கும் தனிக்குரல் கொடுத்து, பாம்பின் பேச்சை இழுத்து இழுத்துச் சொன்ன மாணவிக்குக் கிடைத்த கைதட்டல் முழுதும் தகும்.

பொதுவிடத்தில் படம் காட்டுவதற்கான உரிமம் பெறும் கடிதப் போக்குவரத்தைத் தாமே முன்னின்று முடித்துத் தந்த நூலகருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். உரிமை பெற்று முறைப்படி காட்டுவதே கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை என்பதில் அவர் உறுதியாக நின்றார். இரைச்சலைத் தாங்கமாட்டாத பிள்ளைகளுக்காக ஒலியைத் தாழ்த்தி வைக்கவும், பின்வரிசை விளக்கொன்றை அணைக்காமல் விடவும், விரும்பியபோது எழுந்து போய்வரக் கதவோரம் இடம் ஒதுக்கவும் சொன்னவரும் அவரே. வழக்கமாக இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு வராத இரு குடும்பங்கள் இறுதிவரை இருந்தன.

பாய்களும் மெத்தணைகளும் தந்த வீடுகளுக்கும், ரோல்ஸும் அவித்த கடலையும் தேநீரும் கொண்டுவந்தவர்களுக்கும், எல்லாரும் போனபின் தங்கிக் கூடத்தைக் கூட்டித் தந்த இளைஞர்களுக்கும், கொட்டும் மழையில் மூத்தவர்களை வாகனத்தில் ஏற்றி இறக்கிய நண்பர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்று பெற்றோர் சேர்ந்து வாங்கிய இவ்விரு நூல்களின் பிரதிகளும் இப்போது நூலகத்தின் சிறுவர் அடுக்கில் உள்ளன. எவரும் இரவல் பெறலாம். காகித எலியையும் வெள்ளைத் துணியையும் நூலகர் கதைநேரத்துக்கென வாங்கி வைத்திருக்கிறார். அம்மம்மாவும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து நிழல் காட்ட இசைந்திருக்கிறார். அவரை அழைத்துவர வாகனமுள்ள ஒருவர் தேவைப்படுகிறார். இயலுமானவர்கள் நூலகரிடம் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
பெற்றோர் குழுவின் சார்பில்,
ஒரு தாய்