உன் அட்டவணையில் கைவைத்துவிட்டேன்

அன்புள்ள மாப்ளைக்கு,

பதில் போடத் தாமதம்தான், திட்டாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது. அம்மா உன்னை விசாரித்தார். "இளைச்சிருக்கானா?" என்றார். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

சரி, நீ அனுப்பிய ஜிம் அட்டவணைக்கு வருகிறேன். ஸ்குவாட் நாளில் ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) ஐந்து செட், அதாவது ஐந்து சுற்று. அதுவரை சரி. அதற்குக் கீழே ஃப்ரன்ட் ஸ்குவாட், குட் மார்னிங், லெக் பிரஸ், லஞ்சஸ், ருமேனியன் டெட்லிஃப்ட், பேக் எக்ஸ்டென்ஷன் என்று காலுக்கும் முதுகுக்குமான பயிற்சிகள் கல்யாணப் பந்தி மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. மறுநாள், குனிந்து நின்று பாரை வயிற்றுப் பக்கம் இழுக்கிற பார்பெல் ரோ. அதற்கு மறுநாள், தரையிலிருந்து பாரைத் தூக்குகிற டெட்லிஃப்ட். யார் எழுதிக் கொடுத்தது? நம் ஜிம்மில் 'பேராசிரியர்' என்று கூப்பிடுவோமே, அவராக இருக்காது. அவர் என்றால் தலைகீழாக நிற்பதும் சேர்ந்திருக்குமே.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: காலையில் ஷூ மாட்டக் குனிந்தால் கீழ்முதுகு கொஞ்சம் பிடிக்கிறதாம், மற்றபடி நன்றாக இருக்கிறாயாம். நான் உட்கார்ந்து எழுதுவதே அந்த வரிக்காகத்தான்.

பேனாவை எடுத்து, கீழ்முதுகு வேலை செய்யும் பயிற்சிகளை மட்டும் வட்டமிட்டுப் பார். ஸ்குவாட்டில் அதுதான் பாரத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது. டெட்லிஃப்ட்டில் கேட்கவே வேண்டாம். பாரத்தைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிர்கிற குட் மார்னிங்குக்கு முழுநேர வேலையே அதற்குத்தான். பார்பெல் ரோவில் நீ இழுப்பது என்னவோ முதுகின் மேல்பக்கத்தால். ஆனால் செட் முடியும்வரை குனிந்த நிலையைத் தாங்குவது கீழ்ப்பக்கம். வாரம் பூராவும் ஒரே ஆளிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு, எதையும் திருப்பித் தராமல், "கொஞ்சம் பிடிக்கிறது" என்று ஆச்சரியப்படுகிறாய்.

துணைப் பயிற்சி என்றால் என்ன மாப்ள? பிரதான பயிற்சி செய்யாமல் விட்ட வேலையை முடிப்பது. ஸ்குவாட் போட்டுவிட்டு இன்னொரு விதமான ஸ்குவாட் போட்டால், முன்பே களைத்த தசைதான் மறுபடி களைக்கும். ஸ்குவாட் எதை விட்டுவைக்கிறது என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாக இருக்கிறது. ஹாம்ஸ்ட்ரிங் என்பது பின்தொடைத் தசை, அதில் பெரும்பகுதி இடுப்பு, முழங்கால் இரண்டு மூட்டையும் கடந்து போகிறது. நீ கீழே இறங்கும்போது இடுப்புப் பக்கம் நீள்கிறது, அதே நேரம் முழங்கால் பக்கம் சுருங்குகிறது. கூட்டிக் கழித்தால் நீளம் பெரிதாக மாறுவதே இல்லை. 2019இல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வில் 10 வாரம் ஆழமாக ஸ்குவாட் போட்டவர்களுக்குப் பிட்டமும் உள்தொடையும் வளர்ந்தன, ஹாம்ஸ்ட்ரிங் வளரவில்லை. முன்தொடையின் நடுவில் இருக்கும் ரெக்டஸ் ஃபெமோரிஸும் வளரவில்லை. அதுவும் இரண்டு மூட்டுத் தசைதான்.

நாம் ஒரு காலத்தில் கேலி செய்த அந்த லெக் கர்ல் (முழங்காலை மடக்குவது), லெக் எக்ஸ்டென்ஷன் (நீட்டுவது) மெஷின்களுக்கு இப்போது மரியாதை தரவேண்டியிருக்கிறது. "ஹாம்ஸ்ட்ரிங்குக்கு ருமேனியன் டெட்லிஃப்ட் இருக்கிறதே" என்பாய். இருக்கிறது, அருமையான பயிற்சி. ஆனால் அதில் முழங்கால் பெரிதாக மடங்கி நீள்வதில்லை. ஹாம்ஸ்ட்ரிங்கின் ஒரு பகுதி முழங்காலை மட்டுமே கடக்கிறது, அதற்கு கர்ல்தான் வழி. அதிலும் உட்கார்ந்து செய்கிற மெஷின் கிடைத்தால் விடாதே. 2021இல் ஓர் ஆய்வில் ஒரே ஆளுக்கு ஒரு காலை உட்கார்ந்தும், மறு காலைக் குப்புறப் படுத்தும் 12 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்து செய்த காலில் சுமார் 14 சதவீத வளர்ச்சி, படுத்துச் செய்த காலில் சுமார் 9. உட்காரும்போது தசை நீண்ட நிலையில் வேலை செய்கிறது, அதனால்தான். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கணக்குகூட இல்லை. கீழ்முதுகுக்குச் செலவே இல்லாமல் தொடை வேலை நடக்கிறது பார், அதுதான்.

ருமேனியன் பெயரை எடுத்ததும் உனக்கு ருமேனியப் பளுதூக்கும் வீரர் நிகு விளாட் ஞாபகம் வரும், தெரியும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 90 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர், அவர் செய்துகாட்டித்தான் அந்தப் பெயரே வந்தது என்று நீதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாய். சரி. அவருக்கு அதுதான் பிழைப்பு. நமக்கு ஆபீஸ் இருக்கிறது. ருமேனியனை டெட்லிஃப்ட் நாளுக்குத் தள்ளி, இரண்டே செட், மிதமான வெயிட். குட் மார்னிங் வேண்டவே வேண்டாம். ரோவை, பெஞ்சில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு டம்பெல்லால் செய். ஸ்குவாட் நாளில் ஸ்குவாட், பிறகு ஒற்றைக்கால் ஸ்ப்ளிட் ஸ்குவாட், லெக் கர்ல், வயிற்றுக்கு ஏதாவது ஒன்று. வீட்டுக்குப் போ.

பெஞ்ச் பிரஸ் (படுத்து நெஞ்சிலிருந்து பாரைத் தள்ளுவது) பாதியில் நிற்கிறது, அதனால் ட்ரைசெப்ஸ், அதாவது மேற்கையின் பின்பக்கத் தசை, பலவீனம் என்று நீயே வைத்தியம் பார்த்திருக்கிறாய். பாதி வழியில்தான் பெரும்பாலானோருக்கும் நிற்கும். கை நெம்புகோலாக மோசமான கோணத்தில் இருக்கும் இடம் அது. உலக சாம்பியனும் தோற்கும் இடம் பெரும்பாலும் அதுவே. நெஞ்சிலிருந்து கிளம்பவே இல்லை என்றால், பாரை நெஞ்சில் நிறுத்தித் தூக்கிப் பழகு. ட்ரைசெப்ஸுக்குத் தலைக்கு மேல் எக்ஸ்டென்ஷன் ஒன்று போதும், அந்தத் தசையின் நீளமான பகுதி தோளையும் கடக்கிறது, பெஞ்ச் அதைச் சரியாகத் தொடுவதில்லை.

இன்னொரு சண்டை பாக்கி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துணைப் பயிற்சியை மாற்றி "தசையைக் குழப்புகிறேன்" என்கிறாய். குழம்புவது நீதான். புதுப் பயிற்சியில் முதல் சில வாரம் வெயிட் ஏறுவது பெரும்பாலும் உடம்பு அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால். கற்று முடித்து நிஜ வேலை ஆரம்பிக்கிற நேரத்தில் நீ அடுத்ததற்குத் தாவிவிடுகிறாய். உடம்பு வலி மட்டும் புதுசு புதுசாக வருகிறது, அதை வளர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறாய். நம் ஜிம்மில் பயில்வான் என்போமே, அவர் நோட்டை நீ பார்க்க வேண்டும். முனை மடங்கிய தாளில் பக்கம் பக்கமாக ஒரே நாலைந்து பெயர்கள். ஒரு வரியில் "12, 12, 11", பக்கத்தில் "இன்னும் இல்லை". மூன்று செட்டிலும் 12 வந்தால்தான் 2.5 கிலோ கூட்டுவார், ரெப் (ஒரு செட்டில் எத்தனை தடவை தூக்குகிறார் என்பது) 8க்கு இறங்கும், மறுபடி ஏறுவார். ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு தூக்கலாம் என்ற இடத்தில் நிறுத்திவிடுவார். மூட்டு முறைத்தாலோ, பல வாரம் எண் அசையாவிட்டாலோதான் பயிற்சியை மாற்றுவார். நாம் அவரைப் பார்த்துச் சிரித்தோம். தோள் வலி, முட்டி வலி என்று ஒருநாளும் அவர் லீவு போட்டதில்லை.

இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதே. தசை சீக்கிரம் பலமாகும், தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண் மெதுவாகத்தான் பின்னால் வரும். நம் வயதில் அந்த இடைவெளியில்தான் ஆள் விழுகிறான். அந்தப் பிடிப்பு காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ எனக்கு எழுதிக்கொண்டிராதே, நேராக டாக்டரிடம் போ. தங்கச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கோபப்பட்டால் படு.

திருத்திய அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். பைசெப்ஸ் கர்லை நீ மூன்று இடத்தில் ஒளித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். கைவைக்கவில்லை, பயப்படாதே. இடுப்பை ஆட்டி ஆட்டித் தூக்காத வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. நீ ஆட்டுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் அதையும் பெஞ்சில் உட்கார்ந்தே செய்.

இப்படிக்கு,
மச்சான்